சக்கரம் தரையைத் தொட்ட பிறகு மூக்கு ஏன் திரும்புகிறது?

மார்ச் 2, காலை – கேள்வி

கிரவுண்ட் லூப், அதாவது தரையில் ஓடும்போது விமானம் கட்டுப்பாடு இழந்து சுழல்வது, வால் சக்கர விமானங்களின் வியாதி என்றுதான் படித்தேன். மூக்குச் சக்கரம் இருந்தால் விமானம் தானாகவே நேராக ஓடும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அப்புறம் ஏன் எல்லாப் பயிற்சியாளர்களும் “ரட்டர், ரட்டர்” (பெடலை மிதித்துத் திருப்பும் வால் சுக்கான்) என்று உயிரை எடுக்கிறார்கள்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு படிப்பவர் தனியாகப் பறந்து, செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைத் தரையில் நன்றாகத்தான் தொட வைத்தார். அதன் பிறகு ஓடுபாதையின் இடது ஓரத்தைத் தாண்டிப் புல்லுக்குள் போய்விட்டார். ஆளுக்கும் விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்கக் காற்று தள்ளிவிட்டது என்கிறார். நான் பார்த்தபோது, காற்றின் திசையையும் வலுவையும் காட்டும் காற்றுப் பை பாதிகூட நிமிரவில்லை.

மார்ச் 2, இரவு – பதில்

புத்தகம் பொய் சொல்லவில்லை. ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டது.

முதலில் அதன் நியாயத்தைப் பார்ப்போம். தரையில் சக்கரங்களின் உராய்வு விமானத்தைப் பின்னால் பிடிக்கிறது, எடை முன்னால் போகப் பார்க்கிறது. மூக்குச் சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. வால் சக்கர விமானத்தில் பின்னால். கயிறு கட்டி இழுத்தால் கல் ஒழுங்காகப் பின்னாலேயே வரும். அதையே கோலால் தள்ளினால் ஏதாவது ஒரு பக்கம் நழுவும். வால் சக்கர விமானம் இரண்டாவது ரகம். கொஞ்சம் திரும்பினால் அந்தத் திருப்பமே மேலும் திருப்பும். கடைசியில் வெளிப்பக்கச் சக்கரக் கால் மடங்கும், இறக்கை நுனி தரையில் உரசும்.

இனி அந்த நிபந்தனை. பிரதான சக்கரங்களின் மேல் எடை இருக்க வேண்டும். வேகமாக வந்து தரையைத் தொட்டால் எடை அங்கே இருக்காது, இன்னும் இறக்கைதான் சுமந்துகொண்டிருக்கும். இறக்கையின் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்டால் வேகத்தைவிட (இறக்கையால் விமானத்தைத் தாங்க முடிகிற மிகக் குறைந்த வேகம்) 20 சதவீதம் கூடுதலாக வந்தால், அந்த இறக்கையால் விமானத்தின் எடையைப்போல் 1.44 மடங்கு வரை தூக்க முடியும். பறக்கத் தயாராக இருக்கிற அப்படி ஒரு விமானத்தை, யோக்கை (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டு வீல்) முன்னால் தள்ளித் தரையில் அழுத்தி வைத்தால் என்ன நடக்கும்? பின் சக்கரங்கள் லேசாகிவிடும், பாரமெல்லாம் மூக்குச் சக்கரத்துக்குப் போய்விடும். இப்போது விமானம் சுழலும் அச்சு மூக்குச் சக்கரம், எடைமையம் அதற்குப் பின்னால். அதாவது விலை கொடுத்து வாங்கிய மூக்குச் சக்கர விமானத்தைச் சில நொடிகளுக்கு நீங்களே வால் சக்கர விமானமாக மாற்றிவிட்டீர்கள், அதுவும் மோசமான ஒன்றாக. இதை வீல்பாரோயிங் என்பார்கள்.

செஸ்னா 172எஸ் கையேட்டில், முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இறங்கும்போது 60 முதல் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று போட்டிருக்கிறது. 75-இல் வருகிறவர் 60-இல் வருகிறவரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றலைச் சுமந்து வருகிறார். “பாதுகாப்புக்காக அஞ்சு நாட் கூட” என்று ஆரம்பித்து, அது பத்தாகிப் பதினைந்தாவதை வலப்பக்கச் சீட்டிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 3

உங்கள் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூக்கு இடப்பக்கம் திரும்பியபோது யோக்கை எந்தப் பக்கம் திருப்பினார்?

வலப்பக்கம் என்பார். பந்தயம் வைக்கிறேன்.

கார் ஓட்டுகிற எல்லோருக்கும் கையில் இருக்கிற வியாதி இது. வண்டி இடப்பக்கம் போகிறது, சக்கரத்தை வலப்பக்கம் ஒடி. மூளைக்குப் போகாமலே கை செய்துவிடும். விமானத்தில் அந்த யோக்குக்கும் மூக்குச் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. காற்று இடமிருந்து வரும்போது யோக்கை வலப்பக்கம் திருப்பினால் இடது எய்லரான் (இறக்கை நுனிப் பக்கம் ஏறி இறங்கும் தகடு) கீழே இறங்கும், காற்று வரும் பக்கத்து இறக்கை மேலே கிளம்பும், அந்தப் பக்கச் சக்கரம் பிடிப்பை இழக்கும். அது மட்டுமா, கீழே இறங்கிய எய்லரான் இழுவையையும் கூட்டும்; அந்த இழுவை மூக்கை இன்னும் இடப்பக்கம் இழுக்கும். அவர் பயந்து இன்னும் வலப்பக்கம் திருப்புவார். புல் வந்துவிடும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். கை காற்றின் பக்கம், அதாவது இடப்பக்கம். கால் வலது பெடலில். வேகம் குறையக் குறைய எய்லரானின் வலு குறையும், அதனால் யோக்கை மேலும் மேலும் காற்றின் பக்கம் கொண்டுபோய் முழுக்கத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். மூக்கு நேரானதும் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு மூச்சு விடுகிறவர்கள் உண்டு. அடுத்த வீச்சு காற்று அவர்களுக்காகத்தான் காத்திருக்கும்.

மார்ச் 3, பின்னிரவு

“பிரேக் போட்டால் போதாதா?” என்று ஒருவர். ஓடுகிற வேகத்தில் இறக்கை இன்னும் பாதி எடையைச் சுமக்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது, எந்தத் திசையிலும் வழுக்கும். ஒரு பக்கப் பிரேக்கால் திருத்துவது மெதுவான வேகத்தில் சரி.

இன்னொன்று, குதிகாலைத் தரையில் வையுங்கள். பாதம் முழுதும் பெடலில் ஏறியிருந்தால் ரட்டரை மிதிப்பதாக நினைத்து பிரேக்கை மிதிப்பீர்கள், நினைவே இருக்காது.

மார்ச் 5

“காற்றுப் பை பாதிகூட நிமிரவில்லை” என்றதை மறுபடி படித்தேன். அமெரிக்கத் தரத்தில் செய்த பை முழுதாக நிமிர சுமார் 15 நாட் வேண்டும். அப்படியானால் 172-க்கு அது பெரிய காற்றே இல்லை. ஆகவே காற்றை விட்டுவிட்டுத் தரையைத் தொடுவதற்கு முந்தைய நொடிகளைப் பார்க்கலாம். என் எண்ணம், தரையில் கைவிட்டுப் போகிற கட்டுப்பாட்டில் பெரும்பகுதி காற்றிலேயே போயிருக்கும். தரை அதை எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தொடும்போது இரண்டு விஷயம் நேராக இருக்க வேண்டும்: விமானம் நகரும் திசை, மூக்கு பார்க்கும் திசை. பக்கக் காற்றில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கிராப் பிடித்து வந்தால் நகர்வு ஓடுபாதையோடு ஒத்துப்போகும், மூக்கு காற்றின் பக்கம் பார்க்கும். தொடுவதற்குச் சற்று முன் ரட்டரால் மூக்கை நேராக்கினால் அந்தக் கணமே காற்று பக்கவாட்டில் தள்ள ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்துவது. எய்லரான் நகர்வைப் பார்த்துக்கொள்ளும், ரட்டர் மூக்கைப் பார்த்துக்கொள்ளும். காற்றுப் பக்கத்துப் பிரதான சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, கடைசியில் மூக்கு. ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது மாணவர்களுக்குத் தப்பு செய்கிற மாதிரி தோன்றும். இறக்கையைச் சமப்படுத்திவிடுவார்கள், விமானம் பக்கவாட்டில் சறுக்கியபடியே தரையைத் தொடும்.

காற்றே இல்லாத நாளில்கூடக் கோணலாக இறங்குகிறவர்களைப் பார்த்து நான் நிறைய யோசித்திருக்கிறேன். எப்போதும் ஒரே பக்கம், மூக்கு இடது பார்த்து. காரணம் உட்காரும் இடம். நீங்கள் இடப்பக்கச் சீட்டில் இருக்கிறீர்கள். மூக்கின் நடுவை, ஸ்பின்னரை (புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு), ஓடுபாதையின் நடுக்கோட்டோடு பொருத்திப் பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணிலிருந்து ஸ்பின்னருக்குப் போகும் கோடு வலப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த கோட்டை ஓடுபாதைக்கு நேராக்கினால் விமானம் இடப்பக்கம் திரும்பி நிற்கும். மூக்கின் நடுவை மறந்துவிட்டு, உங்கள் கண்ணுக்கு நேர் முன்னால் எஞ்சின் மூடியில் ஒரு ஆணியோ கோடோ இருக்கும், அதைப் பாருங்கள். இதை முதல் வாரத்திலேயே தரையில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும்.

பார்வையும் தூரத்தில், ஓடுபாதையின் மறுமுனைப் பக்கம் இருக்கட்டும். சக்கரத்துக்கு முன்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூக்கு இரண்டு டிகிரி திரும்பியது தெரியவே தெரியாது.

மார்ச் 6

2-ஆம் தேதிக் குறிப்பு எல்லாப் பழியையும் கூடுதல் வேகத்தின் தலையில் போட்டதுபோல் வாசிக்கிறது. இன்னொரு முனையும் உண்டு. வேகம் குறையும்போது ரட்டர் வலுவிழக்கும். மூக்குச் சக்கரமோ இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் எதுவும் முழுசாக வேலை செய்யாத ஒரு இடைவெளி. அங்கே கால் பெரிதாக அசைய வேண்டும். ஆனால் தொட்ட புதிதில் சின்னச் சின்னதாக அசைத்துப் பழகிய கால், அந்த அளவிலேயே நின்றுவிடும். இது மறுபக்கமும் நடக்கும்: வேகத்தில் பெரிதாக மிதித்து, அது மறுபுறம் பாய, இவர் அதைவிடப் பெரிதாக மிதிக்க, நடுக்கோட்டைச் சுற்றிப் பாம்பாட்டம். மிதித்ததும் விடுங்கள். விளைவு வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தால், வரும்போது அது அதிகமாகத்தான் வரும்.

அப்புறம், மூக்குச் சக்கரம் எல்லா விமானத்திலும் ஒன்றல்ல. இதை யாரும் கேட்காதது ஆச்சரியம்.

செஸ்னா 172-இல் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் இணைப்பு. பெடலால் மட்டும் பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி, ஒரு பக்கப் பிரேக்கும் சேர்ந்தால் 30 வரை. பறக்கும்போது ஸ்ட்ரட் (மூக்குச் சக்கரக் கால்) முழுசாக நீண்டு சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும்.

பைப்பர் பிஏ-28 வகையில் நேரடி இணைப்பு. காற்றிலும் ரட்டரோடு சேர்ந்து சக்கரமும் திரும்பியிருக்கும். இடப்பக்கக் காற்றுக்கு வலது ரட்டரை அழுத்தியபடி இறங்குகிறீர்கள், அப்படியே மூக்கைப் பொத்தென்று போட்டால் வலப்பக்கம் பாயும். மூக்கைத் தூக்கிப் பிடித்து, அது இறங்கும் நேரத்தில் பெடலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சிரஸ் எஸ்ஆர்22, டயமண்ட் டிஏ40, பழைய கிரம்மன் ஏஏ-5 இவற்றில் மூக்குச் சக்கரம் சுதந்திரமாகச் சுழலும். பெடலோடு இணைப்பே கிடையாது. ரட்டர் செத்த பிறகு பிரேக் மட்டுமே திசை. 172-இல் பழகிய கால் அங்கே போய் முதல் நாள் திணறும். பரவாயில்லை, திணறட்டும், பக்கத்தில் யாராவது இருக்கும்போது.

மார்ச் 9

பக்கக் காற்று எவ்வளவு என்று கணக்கு கேட்டவருக்கு. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் உள்ள கோணம் 30 டிகிரி என்றால் காற்றின் பாதி பக்கவாட்டில் வரும். 45 என்றால் பத்தில் ஏழு. 60-ஐத் தாண்டினால் முழுசும் பக்கக் காற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் உட்கார்ந்து சைன் கணக்கு போட வேண்டாம்.

எழுத்தில் வரும் மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) சொல்லும் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்தது. கட்டுப்பாட்டு டவர் வாயால் சொல்வது காந்த வடக்கை வைத்தது. ஓடுபாதை எண்ணும் காந்த வடக்குத்தான். இரண்டு வடக்குக்கும் வித்தியாசம் அதிகமாக உள்ள இடங்களில் இது கணக்கையே மாற்றும். டவர் சொல்லும் காற்று, கம்பத்தின் மேலுள்ள கருவி அளந்த சராசரி. நீங்கள் தரையைத் தொடும் இடத்தில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) மறைப்பு முடிந்து காற்று திடீரென்று திறந்தால், அது அந்தச் சராசரிக்குள் இருக்காது. தொடுவதற்கு முன் காற்றுப் பையை ஒரு தடவை பாருங்கள்.

172எஸ் கையேட்டில் 15 நாட், பைப்பர் வாரியர் கையேட்டில் 17 நாட் என்று வருவது “செய்து காட்டிய” பக்கக் காற்று. அது எல்லை அல்ல. சான்றிதழ்ச் சோதனையில் அவ்வளவு காற்றில் இறக்கிக் காட்டினார்கள் என்றுதான் அர்த்தம். பழைய அமெரிக்கச் சான்று விதி கேட்டது இன்னும் குறைவு: தரையிறங்கும் அமைப்பில் ஸ்டால் வேகத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் சட்டப்படி குற்றமா என்று விவாதிக்கிறவர்களுக்கு: உங்கள் கால் கடைசியாக எவ்வளவு காற்றைச் சமாளித்தது, அந்த எண்தான் இன்றைக்குத் தேவை. எனக்கேகூடக் குளிர்கால இடைவெளிக்குப் பிறகு அந்த எண் கையேட்டைவிட நிறையக் கீழே இருக்கும்.

வீசி வீசி அடிக்கிற காற்றானால், சராசரிக்கும் வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அணுகும் வேகத்தில் கூட்டுவது வழக்கம். பாதி மட்டும். அதற்கு மேல் கூட்டினால் என்ன ஆகும் என்பது 2-ஆம் தேதிக் குறிப்பில்.

மார்ச் 10

பக்கத்துச் சீட்டில் பயணி இருந்தால் அவர் கால் எங்கே என்று பாருங்கள். அந்தப் பக்கமும் பெடல் இருக்கிறது. தரை நெருங்கும்போது பயத்தில் இரண்டு காலையும் ஊன்றி உடம்பைப் பின்னால் தள்ளுகிறவரை நான் ஏற்றிப் போயிருக்கிறேன். ரட்டர் கல்லாகிவிட்டது. “காலை எடுங்கள்” என்றதும் கையை எடுத்தார், காலை எடுக்கவில்லை.

மார்ச் 13

வால் சக்கரக்காரர்கள் வந்துவிட்டார்கள். “உண்மையான விமானத்தில் கற்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது” என்கிறார் ஒருவர். அந்தப் பெருமை அலுப்புத் தட்டுகிறது, ஆனால் உள்ளே கொஞ்சம் உண்மை இருக்கிறது. வால் சக்கர விமானம் ஓட்டிவிட்டு 172-க்குத் திரும்பி வருகிறவர்களின் கால் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் அதற்குத் தனிப் பயிற்சியாளர் ஒப்புதல் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமானியின் காலை நம்பாமல் விமானத்தையே மாற்றிப் பார்த்த மனிதர்களும் இருந்தார்கள். 1909-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ XI-இன் பிரதான சக்கரங்களே திரும்பக்கூடியவை, மூக்கு ஒரு பக்கம் பார்க்க ஓட்டம் வேறு பக்கம் இருக்கலாம். செஸ்னா 195-க்கு அப்படித் திரும்பும் சக்கரங்கள் விருப்பத் தேர்வாகக் கிடைத்தன. பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரக் கால்களை 20 டிகிரி வரை முன்கூட்டியே திருப்பி வைத்து, கிராப்பிலேயே இறங்கலாம்.

எனக்குப் பிடித்தது எர்கூப். ஃபிரெட் வெய்க் வடிவமைத்தது. ரட்டர் பெடலே கிடையாது, ரட்டரும் மூக்குச் சக்கரமும் கை வீலோடு இணைந்தவை. பக்கக் காற்றில் கிராப்பிலேயே தொட வேண்டியதுதான், எடைமையம் முன்னால் இருப்பதால் விமானம் ஓடும் திசைக்குத் தானே நேராகும். அந்த உதறலைத் தாங்கும் அளவுக்குக் கால்கள் உறுதியானவை. ஆக, கேள்வி கேட்டவர் படித்த புத்தகத்தை அப்படியே நம்பி ஒருவர் விமானமே கட்டியிருக்கிறார். 172-இன் கால்களை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

மார்ச் 17

இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே கிளம்பும் கோ-அரவுண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது, ஓரம் நெருங்குகிறது, த்ராட்டிலை (எஞ்சின் விசைப் பிடி) முழுக்கத் தள்ளிக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். இன்னும் காற்றில் இருந்தால், அல்லது தொட்டுத் துள்ளியதும் கோணல் தெரிந்தால், தயங்காமல் கிளம்புங்கள். ஆனால் தரையில் ஏற்கெனவே இடப்பக்கம் சுழன்றுகொண்டிருக்கும்போது என்றால் ஒரு நொடி யோசியுங்கள்: விமானியின் பார்வையில் வலச்சுற்றாகச் சுற்றும் எஞ்சின், குறைந்த வேகத்தில் முழு விசை கொடுத்தால், மூக்கை இடப்பக்கம்தான் இழுக்கும். வலது பெடல் தயாராக இல்லையென்றால் புல்லுக்குள் இன்னும் வேகமாகப் போவீர்கள். யாக்-52 மாதிரி எதிர்ச் சுற்று எஞ்சின் என்றால் மறுபக்கம்.

எங்கே கிளம்பலாம், எங்கே கூடாது என்று கோடு போட்டுத் தர என்னால் முடியவில்லை. கட்டுப்பாடு இன்னும் கையில் இருக்கும்போது கிளம்புவது நல்ல முடிவு. போன பிறகு த்ராட்டிலை மூடி, யோக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து, மெதுவான வேகத்தில் புல்லுக்குள் போவது பெரும்பாலும் கூச்சத்தோடு முடியும். இறங்கும்போது கட்டுப்பாடு இழக்கும் விபத்துகள் ஏராளம், அவற்றில் உயிர் போவது அபூர்வம். முழு விசையோடு மரத்தில் மோதுவது வேறு கணக்கு.

மார்ச் 18

ஈரத் தரை: பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் டயர் நீரின் மேல் மிதக்கும் வேகம் நாட் கணக்கில் வரும். 36 பிஎஸ்ஐ என்றால் 54 நாட். இது சுழன்றுகொண்டிருக்கும் டயருக்கு. தொடும் கணத்தில் டயர் இன்னும் சுழல ஆரம்பிக்கவில்லை, அப்போது 9-க்குப் பதில் 7.7, வேகம் 46 நாட்டாகக் குறைகிறது. நீர் தேங்கிய ஓடுபாதையில் பிரேக்கை மறந்துவிடுங்கள், ரட்டர் இருக்கும்வரை ரட்டர்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மெக்கானிக் பார்த்துவிட்டாராம். டயர் அழுத்தம் சரி, பிரேக் இழுக்கவில்லை, மூக்குச் சக்கரம் உதறாமல் தடுக்கும் ஷிம்மி டேம்பரும் சரி. யோக்கை வலப்பக்கம் திருப்பினாரா என்று நண்பருக்கு நினைவில்லையாம். சரி, பந்தயம் நிலுவையில்.

ஆனால் அவர் கூடவே சொன்ன ஒரு விவரம் எனக்குப் பந்தயத்தைவிட முக்கியமாகப் படுகிறது. ஓடுபாதையில் தடத்தை நடந்துபோய்ப் பார்த்திருக்கிறார். முதலில் ஒரே ஒரு தடம், கறுப்பாக, நடுவில். பக்கவாட்டுத் தடங்கள் இரண்டும் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆரம்பித்து இடப்பக்கம் வளைகின்றன. அந்தத் தடம் இவர்கள் விமானத்துடையதுதான் என்றால், முதல் சில மீட்டர் எடை முழுக்க மூக்குச் சக்கரத்தில்தான் இருந்தது. “நன்றாகத்தான் தொட வைத்தார்” என்று 2-ஆம் தேதி எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், துள்ளாமல் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகத்தைக் கேட்டீர்களா?

மார்ச் 24, மாலை

75-க்குப் பக்கத்தில் என்கிறாராம். சரி.

அவருக்கு ஒரு பயிற்சி. நீளமான ஓடுபாதை, மிதமான பக்கக் காற்று, வலப்பக்கம் பயிற்சியாளர், டவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இறங்குவதுபோல் வந்து, தரையைத் தொடாமல், கொஞ்சம் விசை வைத்தபடி சில அடி உயரத்தில் ஓடுபாதை நெடுகப் பறப்பது. எய்லரானால் நடுக்கோட்டின் மேலேயே நிற்பது, ரட்டரால் மூக்கை நேராக வைத்திருப்பது. முதல் இரண்டு தடவை பயிற்சியாளர் ரட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும், மாணவருக்கு எய்லரான் மட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டும் அவரிடம். சாதாரணமாக இறங்கும்போது இந்த வேலைக்குக் கிடைப்பது சில நொடிதான்; இதில் ஓடுபாதை முடியும்வரை கிடைக்கும். மறுமுனைக்கு நன்றாக முன்பே விசை கொடுத்துக் கிளம்பிவிட வேண்டும், வலது பெடலோடு.